மூன்றாம் மாடி எதிரொலி

சித்திக்கு உட்கார்ந்து படித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. நடந்துகொண்டே, வாய்விட்டு, அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து பாஸாகிவிடும் அளவுக்குச் சத்தமாகப் படிக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஆட்கள் இருந்தவரை இது யாரையும் உறுத்தியதில்லை. வீட்டுக்கு வீடு டி.வி., குழாயடியில் எப்போதும் ஒரு சண்டை, வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். இவற்றுக்கு நடுவில் சித்தியின் ஆங்கிலமும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்கள் ஒவ்வொருவராகக் காலிசெய்துகொண்டு போன பிறகுதான் அவள் குரல் எவ்வளவு பெரியது என்று எங்களுக்கே தெரிந்தது.

திருவொற்றியூரில் கடலுக்கும் லாரிச் சாலைக்கும் இடையில் இருந்தது அந்தக் கட்டடம். உப்புக்காற்று உள்ளே இருந்த கம்பிகளைத் தின்றுவிட்டதால் கூரை துண்டுதுண்டாகப் பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. இனி இதில் குடியிருக்கக் கூடாது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சனங்கள் மீஞ்சூர், அத்திப்பட்டு என்று வாடகை குறைவான பக்கங்களுக்குப் பிரிந்து போனார்கள். போகிறவர்கள் கதவு, ஜன்னல், ஸ்விட்ச் பலகை வரைக்கும் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். கதவில்லாத வீடுகள் வாயைத் திறந்தபடி வரிசையாக நின்றன. காலியான வீட்டுச் சுவரில் யாரோ வந்து சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் குறி போடாத வீடு எங்களுடையது ஒன்றுதான், இரண்டாவது மாடியில்.

நாங்கள் போகாததற்குக் காரணம் சித்தியின் பரீட்சை. சித்தி அம்மாவின் தங்கை. கல்லூரி பக்கம் என்பதால் எங்களுடன் தங்கி பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம் படித்தாள். எங்கள் சொந்தத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அம்மா அவளுடைய பரீட்சையை ஒரு பிரசவத்தைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

"பரிச்ச முடியட்டும். அப்பால வூட்ட மாத்திக்கலாம்" என்பாள்.

கன்டெய்னர் யார்டில் வேலைபார்த்த அப்பா கூரையை அண்ணாந்து பார்த்து, "அதுக்குள்ள வூடே நம்மள மாத்திடும் போல கீது" என்பார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் மீடியம் என்பதால் அர்த்தம் தெரியாவிட்டாலும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். இந்த ஒரு தகுதியை வைத்துச் சித்தி என்னை வாத்தியாராக நியமித்தாள். பள்ளி விட்டு வந்ததும் வராந்தாவில் ஒரு பழைய தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். கையில் அவளுடைய கைடு. நான் கேள்வி கேட்க, அவள் வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தபடி பதில் சொல்வாள். தப்பு என்றால் "தப்பு" என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. வீட்டில் வேறு யாரிடமும் அது செல்லாததால் நான் ஒருநாளும் லீவு போட்டதில்லை.

பாடம் ஆரம்பகால அமெரிக்க இலக்கியம். டி.வி.யில் நான் பார்த்திருந்த அமெரிக்காவில் கண்ணாடிக் கட்டடங்களும் நீளமான கார்களும் இருந்தன. சித்தியின் அமெரிக்காவில் அப்படி ஒன்றும் கிடையாது. கப்பலில் வந்து இறங்கியவர்கள், பனி, காடு, பசி, காய்ச்சல் இவ்வளவுதான். முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் செத்துப்போனார்கள். பிழைத்தவர்கள் தினமும் நடந்ததை எழுதிவைத்தார்கள், பிரசங்கம் செய்தார்கள், எதற்கெடுத்தாலும் பயந்தார்கள். காட்டுக்குள் பிசாசு இருப்பதாக நம்பினார்கள்.

"பிசாசு இருந்துச்சா சித்தி?"

"அங்க மொதல்லேர்ந்தே ஜனங்க இருந்தாங்க. அவங்களத்தான் பிசாசுன்னு நெனச்சிக்கினாங்க."

அந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்தது ஊரோடு காணாமல்போனவர்களின் கதை. கடலோரத்தில் ஒரு குடியேற்றம். அதன் தலைவர் சாமான் வாங்கிவரத் தன் சொந்த நாட்டுக்குக் கப்பலில் போனார். போன இடத்தில் சண்டை, கப்பல் கிடைக்கவில்லை. சில வருடங்கள் கழித்துத் திரும்பிவந்து பார்த்தால் ஒரு ஆள் இல்லை. பிணமும் இல்லை, எலும்பும் இல்லை. ஒரு மரக்கம்பத்தில் மட்டும் ஒரு வார்த்தை செதுக்கியிருந்தது.

"எங்க போனாங்க?"

"யாருக்கும் தெரியாது."

"தெரியாதத எதுக்குப் பரிச்சைல கேக்கறாங்க?"

சித்தி வராந்தாவின் அந்த முனைக்கு நடந்தாள். நான் எதிர்வீட்டுச் சுவரில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பகுதி, பிடித்துக்கொண்டு போகப்பட்ட பெண்கள் எழுதியது. ஊர்ச் சண்டையில் சிக்கி, காடு காடாக நடத்திக் கூட்டிப்போகப்பட்டு, பிறகு திரும்பிவந்த பெண்கள் தங்களுக்கு நடந்ததைத் தாங்களே எழுதினார்களாம். திரும்பிவந்த பிறகும் அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று கைடில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் ஏன் தூக்கம் வராது என்று எனக்குப் புரியவில்லை.

இலக்கியம் முடிந்தால் இலக்கணம். செயப்பாட்டு வினையில் சித்தி புலி. "யார் செஞ்சாங்கன்னு சொல்லாமலே வாக்கியத்த முடிச்சிடலாம். நம்ம வூட்டு நோட்டீஸ் பாத்தியா? 'இக்கட்டடம் இடிக்கப்படும்'. யாரு இடிப்பா, எங்க போறது, ஒன்னியும் கெடையாது" என்பாள். கடைசியாகச் சொற்பகுதி. நான் தமிழில் அர்த்தத்தைச் சொல்ல அவள் ஆங்கில வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

"வனாந்தரம்."

"வில்டர்னஸ்!"

மாடிப்படிக் கூண்டுக்குள்ளிருந்து, 'டர்னஸ்' என்று திரும்பி வரும். காலி வீடுகளின் எதிரொலி. அதில் எனக்குப் பயம் இல்லை. பகல் நேரங்களில் நானே என் பெயரைக் கத்தி விளையாடியிருக்கிறேன். என் பெயரை அவ்வளவு மரியாதையாகத் திருப்பிச் சொல்ல வேறு யாரும் இல்லை.

ஒரு சாயங்காலம் எதிரொலி தாமதமாக வந்தது.

சித்தி "ப்ராவிடன்ஸ்" என்றாள். கடவுள் சித்தம் என்று அர்த்தம். கூண்டு பேசாமல் இருந்தது. அவள் வராந்தாவின் அந்த முனை வரை போய்த் திரும்பினாள். அதற்குப் பிறகுதான், மேலே மூன்றாம் மாடியிலிருந்து, மெலிதாக, யாரோ வாயில் போட்டுச் சுவைத்துப் பார்ப்பதுபோல, "ப்ராவிடன்ஸ்" என்று கேட்டது. சித்தி கவனிக்கவில்லை. அடுத்த வார்த்தை என்ன என்று கேட்டாள். காற்று திசைமாறி அடிக்கிறது போல என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, "துன்பம்" என்று கேட்டேன். தினமும் சொல்கிற வார்த்தைதான். அன்று பார்த்துச் சித்திக்கு மறந்துவிட்டது. நெற்றியில் தட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். வெளிச்சம் குறைந்து கடல் பக்கம் சாம்பல் நிறமாகியிருந்தது.

மேலேயிருந்து, "அஃப்ளிக்‌ஷன்" என்று வந்தது.

"கரெக்ட்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த கேள்விக்குப் போனேன். சித்தி நகரவில்லை.

"யாருடி சொன்னது?"

"எதிரொலி."

"நான் இன்னும் சொல்லவே இல்லியே."

நாங்கள் இரண்டு பேரும் மாடிப்படியைப் பார்த்தோம். அங்கே இருட்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

சாப்பிடும்போது நான் இதைச் சொன்னேன். அம்மா சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல காலி வூட்டாண்ட நின்னு கத்திக்கினு இருந்தா, வேணா வேணான்னாலும் வரத்தான் செய்யும்."

"வந்தாலும் அதுக்கு இங்கிலீஷ் தெரியணுமே" என்றார் அப்பா.

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது நான் படிகளைப் பார்த்தேன். எங்கள் பக்கம் காற்றில் எப்போதும் கரித்தூள் இருக்கும். துடைத்த தரையில் ஒரே நாளில் கறுப்பாகப் படியும். பெருக்க ஆளில்லாத மூன்றாம் மாடிப் படிகளில் அது விரித்த துணிபோலக் கிடந்தது. அதன்மேல் காலடித் தடங்கள். செருப்பு இல்லாத, சிறிய கால்கள். எல்லாத் தடங்களும் மேலே ஏறிப் போயிருந்தன. கீழே இறங்கியது ஒன்றுகூட இல்லை. குனிந்து மறுபடியும் தேடிப் பார்த்தேன். ஏறியவர் இறங்கவில்லை. பள்ளியில் அன்று எனக்குக் கணக்கு ஓடவில்லை.

நான் சொன்னதும் சித்தி தானும் போய்ப் பார்த்தாள். வெகுநேரம் அந்தத் தடங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலை ஒரு தடத்தின் பக்கத்தில் வைத்து அளந்தாள். அன்று சாயங்காலம் கைடை என் மடியில் வைத்துவிட்டு, "இங்கயே குந்தினு இரு, வந்துடறேன்" என்று மேலே போனாள்.

அவள் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் டிரம்மின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். லாரிகள்கூட அன்று ஏனோ ஹாரன் அடிக்கவில்லை. தூரத்தில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த கப்பல்களில் விளக்கு எரியத் தொடங்கியது. சித்தியும் அந்தக் குடியேற்றக்காரர்களைப் போலப் போய்விட்டாள், நாளை நான் பார்க்கும்போது சுவரில் ஒரு வார்த்தை மட்டும் இருக்கும் என்று நினைத்து அழத் தயாரானபோது, அவள் இறங்கி வந்தாள்.

முகம் வெளுத்திருந்தது. ஆனால் பயந்த முகம் இல்லை. யாரையோ அடிக்கப் போகிறவள் முகம்.

"இன்னா சித்தி கீது மேல?"

"ஒன்னியும் இல்ல. புறா."

"புறா இங்கிலீஷ் பேசுமா?"

"அம்மாகிட்ட ஏதாச்சும் சொன்ன, அவ்ளோதான்."

அடுத்த நாளிலிருந்து அவள் படிக்கிற விதம் மாறியது. வராந்தாவில் நடப்பதை விட்டுவிட்டு மாடிப்படி அடியிலேயே நின்றாள். முன்பைவிடச் சத்தமாக, ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி, யாருக்கோ சொல்லித் தருவதுபோலப் படித்தாள். நான் கேள்வி கேட்டதும் உடனே பதில் சொல்லாமல் கொஞ்சம் காத்திருந்தாள். மேலேயிருந்து பதில் வந்தது. சில நாட்களில் இரண்டும் ஒன்றாக வந்தன, ஒன்று சித்தியின் கணீர்க்குரல், இன்னொன்று அதன் நிழல். குடியேற்றம் ஏன் அழிந்தது என்ற கேள்விக்குச் சித்தி மூன்று காரணம் சொன்னால் நிழல் நான்காவது காரணத்தைச் சொல்லும். நான் இருவருக்கும் பாரபட்சம் இல்லாமல் மார்க் போட்டேன்.

ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை, கூடியது. பேய் இருப்பதைவிடச் சித்தி அதற்குப் பயப்படாததுதான் பெரிய பயமாக இருந்தது. கைடில் அந்தக் காலத்து ஊர்களைப் பற்றிப் போட்டிருந்ததே, யாரை வேண்டுமானாலும் பிசாசு பிடித்துக்கொள்ளும் என்று. சித்தியைப் பிடித்துவிட்டது என்பதற்கு என்னிடம் அத்தாட்சிகள் இருந்தன. அவள் இரண்டு டிபன் பாக்ஸ் எடுத்துப் போனாள். குழம்பில் மீன் குறைந்தது. அம்மா "பரிச்ச பசி, துன்னட்டும்" என்று இன்னும் ஒரு பிடி அரிசி சேர்த்துப் போட்டாள். ஆனால் சித்தி இளைத்துக்கொண்டே வந்தாள்.

ஒருநாள் சித்தி கல்லூரியிலிருந்து வருமுன் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு படியின் திருப்பம் வரை ஏறினேன். அங்கே கைப்பிடிச்சுவர் விழுந்து, படி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கதவில்லாத ஒரு வாசலுக்குள், அரையிருட்டில், சித்தி நின்றுகொண்டிருந்தாள். அதாவது, சித்தியின் மஞ்சள் சுடிதார் நின்றுகொண்டிருந்தது. கடல்காற்று உள்ளே புகுந்து அதன் கைகளை ஊதிப் பெரிதாக்கியது. அதற்குத் தலை இல்லை. நான் எப்படிக் கீழே வந்தேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. ஒரு கொடியில் துவைத்துக் காயப்போட்ட துணி அது என்பது புரிய எனக்கு இன்னும் பல வருடங்கள் ஆகின. அன்று புரிந்தது வேறு. மேலே இருப்பது சித்தியின் சாப்பாட்டைத் தின்று, சித்தியின் துணியை உடுத்தி, சித்தியின் பாடத்தையும் படித்துவிட்டது. இனி கொஞ்சம் கொஞ்சமாக அதுவே சித்தியாகிவிடும். எங்களோடு இருப்பது எதிரொலியாகிவிடும்.

காய்ச்சலே வந்துவிட்டது. உளறியிருக்கிறேன் போலிருக்கிறது. அம்மா என்னையும் சித்தியையும் ராயபுரம் பக்கம் ஒரு தர்காவுக்கு அழைத்துப் போய் மந்திரித்து, இரண்டு பேர் கையிலும் கறுப்புக் கயிறு கட்டினாள். சித்தி மறுக்காமல் கையை நீட்டியதே எனக்கு ஆச்சரியம். அன்று சாயங்காலம் அவள் மேலே போய்விட்டு வந்தபோது கையில் கயிறு இல்லை. பேய் கயிற்றையும் வாங்கிக்கொண்டுவிட்டது. அதற்கு மேல் மனிதர்கள் என்ன செய்ய முடியும்? நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் வந்தார்கள்.

அம்மா இறால் கம்பெனியிலிருந்து வரவில்லை, அப்பாவுக்கு இரண்டாவது ஷிஃப்ட். கீழே பைக் நிற்கும் சத்தம் கேட்டது. சித்தி படிப்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு ஆண்கள் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவரை எனக்குத் தெரியும். மூன்றாம் மாடியில் முன்பு குடியிருந்த மாமா. அத்திப்பட்டு பக்கம் போய்விட்டிருந்தார். படியில் என்னைப் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளாமல் போக மாட்டார். அவருடைய மகள் சித்தியோடு பள்ளியில் கடைசி வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கல்லூரிக்கு இருவரும் சேர்ந்து விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அதற்குள் அவளுக்குக் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள். பின்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தவர்தான் அந்த மாப்பிள்ளை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

"இன்னாமா, படிச்சிக்கினு கீறியா?" என்றார் மாமா. அன்று அவர் என் கன்னத்தைக் கிள்ளவில்லை.

"நாளைக்கிப் பரிச்ச மாமா."

"படி, படி. நல்லா படி" என்றார் மாப்பிள்ளை. குரல் இனிமையாகத்தான் இருந்தது. "எங்க வூட்ல இங்க வந்தாங்களா? ஒரு சின்ன மனஸ்தாபம், சொல்லாம கெளம்பிட்டாங்க. உனக்கு ஃபிரெண்டாச்சே, உன்னாண்ட வந்திருப்பாங்கன்னு…"

"இங்க யாரும் வர்ல அண்ணா."

அவர் என் பக்கம் குனிந்தார். "பாப்பா, நீ சொல்லு. பொய் சொன்னா பரிச்சைல ஃபெயிலாயிடுவ. இங்க ஒரு அக்கா வந்தாங்களா?"

எனக்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

"அக்கா யாரும் வர்ல அங்கிள். மேல பேய் மட்டும்தான் கீது."

சித்தியின் கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

"பேயா?"

"ஆமா. சித்தி சொல்றத திருப்பிச் சொல்லும்."

"கொழந்த பயந்துக்கினு கீது" என்று சித்தி அவசரமாகச் சொன்னாள். "காலி வூடு இல்ல, எக்கோ அடிக்குது. அதத்தான் சொல்றா."

"அப்டியா? எங்க, நீ சொல்லு பாப்போம்" என்றார் அவர், அதே இனிமையோடு.

சித்தி மாடிப்படியைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பிறகு தன் முழுக் குரலில், "ப்ராவிடன்ஸ்!" என்றாள்.

ஒன்றும் இல்லை. கடல் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கே அவமானமாக இருந்தது. இவ்வளவு நாள் பழகிய பேய், ஆட்கள் முன்னால் காலைவாருகிறதே என்று. அப்போது, ஆண் குரலா பெண் குரலா என்று பிரிக்க முடியாதபடி தேய்ந்து, "…விடன்ஸ்" என்று வந்தது. எதிரொலி எப்படி வருமோ அப்படியே.

மாப்பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டார். படிக்கூண்டின் வாயில் போய் நின்று தானும் கத்தினார்.

"ஏய்!"

"…ஏய்!"

"கீழ வாடி!"

"…வாடி!"

அவர் தன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்தப் பெயர், சுவர்களில் உரசிக்கொண்டு, மெதுவாக, முழுதாக அவரிடமே திரும்பி வந்தது. அந்த வராந்தாவில் அந்த நேரத்தில் அதைக் கேட்டிருந்தால் யாருக்கும் மயிர்க்கூச்செறிந்திருக்கும். அவருக்கும் அப்படித்தான். ஹெல்மெட் பிடித்திருந்த கையில் முடி நிமிர்ந்து நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். செல்போன் டார்ச்சை அடித்தார். இடிந்து தொங்கும் படி தெரிந்தது, அதற்கு மேல் வெளிச்சம் போகவில்லை.

"மாமா, நீங்க போய் ஒரு பார்வ பாத்துட்டு வாங்க. நான் வண்டியாண்ட நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கீழே இறங்கிப் போனார்.

மாமா அவர் போகும்வரை அசையவில்லை. பிறகு சித்தியைப் பார்த்தார். சித்தி இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டாள். நாளைக்குப் பரீட்சை, பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். திருப்பத்தில், படி உடைந்திருந்த இடத்தில் நின்றுவிட்டார். நான் உட்கார்ந்திருந்த டிரம்மிலிருந்து அவர் முகம் தெரிந்தது. இருட்டைப் பார்த்தபடி நின்றார். அவர் கத்தவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்பதுபோல, தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

"சாப்ட்டியாம்மா?"

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

பிறகு மேலேயிருந்து வந்தது. "சாப்ட்டியாப்பா?"

மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். இறங்கி வந்து, எங்கள் இருவரையும் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் கீழே போனார். அவர் கீழே போய்ச் சொன்னது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஒன்னியும் இல்ல மாப்ள. காலி வூடு. சத்தம் போட்டா திருப்பிச் சொல்லுது, அவ்ளோதான். வண்டிய எடு."

பைக் சத்தம் லாரிகளின் சத்தத்தில் கலந்து மறைந்தது.

மேலே இருந்தது யார் என்பதை, நான் வளர்ந்து பெரியவளான பிறகுதான் சித்தி சொன்னாள். அடி தாங்காமல் ஒரு விடியற்காலையில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தவள், பழைய வீடு காலியாகத்தான் கிடக்கும் என்று தெரிந்து ஏறி வந்திருக்கிறாள். இறங்கிப் போக அவளுக்கு இடம் இல்லை. அப்பா வீட்டுக்குப் போனால் சமாதானம் பேசித் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், அதற்கு முன் இரண்டு முறை விட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மாவும் அந்தப் பெண்ணின் அம்மாவும் தினமும் போனில் பேசிக்கொள்வார்கள். முதல் சில நாட்கள் எங்கள் மாடித்தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு, கீழே சித்தி படிப்பதைக் கேட்டபடி கிடந்திருக்கிறாள். தான் படித்திருக்கவேண்டிய பாடம். வாய் தானாகச் சொல்லிவிட்டதாம். பரீட்சை அன்று அதிகாலையில், மஞ்சள் சுடிதாரில், சித்தியோடு அவளும் இறங்கிப் போனாள். சித்தியின் கல்லூரி ஆசிரியை ஒருவர் பெண்கள் விடுதி ஒன்றில் ஏற்பாடு செய்திருந்தார். சித்தி அங்கே அவளை விட்டுவிட்டு, மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பரீட்சை எழுதினாள், பாஸும் ஆனாள். அம்மா அந்தப் பெருமையை இன்றுவரை தர்காக் கயிற்றுக்குத்தான் கொடுக்கிறாள். மாமா தன் மகள் இருக்கும் இடத்தைச் சித்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது வெகுநாள் கழித்துத்தான். அதுவரை அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சாயங்காலம் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. விருந்தாளிகள் போய்விட்டார்கள், பாடம் பாக்கி இருக்கிறது என்பதுதான் என் கவலை. கைடைத் திறந்து பக்கத்தைத் தேடினேன். அப்படியே, வாத்தியார் என்ற முறையில் என் கண்ணில் பட்டதைச் சித்தியிடம் சொன்னேன்.

"சித்தி, இன்னிக்கி எதிரொலி தப்பு பண்ணிடுச்சி."

"இன்னாடி தப்பு?"

"மாமா 'சாப்ட்டியாம்மா'ன்னு சொன்னாரு. அது 'சாப்ட்டியாப்பா'ன்னு சொல்லிச்சி. ஒரு மார்க் கட்."

சித்தி என்னைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்தும் அதே சத்தம் கேட்கத் தொடங்கியது, விட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நாளைய பரீட்சையை நினைத்துப் பயந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. டிரம்மிலிருந்து குதித்து இறங்கி, பக்கத்தில் போய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"பயப்படாத சித்தி. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

மேலே அழுகை நிற்கவில்லை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. முதன்முறையாகப் பயமில்லாமல் அந்த இருட்டை அண்ணாந்து பார்த்து, அதற்கும் ஆறுதல் சொன்னேன்.

"நீயும் அழாத. ஒரு மார்க்தான? வுடு, போட்டுடறேன்."